ரோந்துப் புத்தகத்தில் பாக்கியராஜ்

போலீஸ் இலாகா பாக்கியராஜுக்குத் தரவேண்டிய தொகை முந்நூற்று எழுபத்தைந்து ரூபாய். நடைக்கு எழுபத்தைந்து வீதம் ஐந்து நடை. நடைக்கு நாற்பது நாற்காலி. இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் ஜூன் மாதம், விவேக் நகர்ப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்று, மக்களோடு சிநேகம் பிடிப்பது என்று முடிவெடுத்து மைதானத்தில் ஒரு கூட்டம் போட்டது. சிநேகம் உட்கார்ந்துதான் பிடிக்க வேண்டும் என்பதால் இருநூறு நாற்காலி தேவைப்பட்டது. பாக்கியராஜ் தன் மூன்று சக்கர மிதிவண்டியில் அவற்றைக் கொண்டுவந்து இறக்கினான். கூட்டம் முடிந்து திரும்ப ஏற்றிக்கொண்டு போனதற்குக் கூலி பேசப்படவில்லை. கொண்டுவருவதுதான் திட்டத்தில் இருக்கிறது, கொண்டுபோவது திட்டத்தில் இல்லை என்று ஸ்டேஷன் ரைட்டர் விளக்கினார்.

"வவுச்சர் மேல போயிருக்கு. செவ்வாக்கிழமை வா," என்றார் அவர்.

பாக்கியராஜ் பதினேழு செவ்வாய்க்கிழமை போனான். வவுச்சர் அத்தனை வாரமும் மேலேயே இருந்தது. அந்த ஸ்டேஷனுக்கு மாடி கிடையாது.

திட்டத்தின் பெயர் 'ஜன மித்ர போலீஸ்'. ஒவ்வொரு சந்திலும் ஒரு தகரப் பெட்டி அடிப்பார்கள். அதற்குள் ஒரு ரோந்துப் புத்தகம் இருக்கும். காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி என்று நாளைக்கு நான்கு கட்டம். ரோந்துக்காரர் நான்கு வேளையும் நேரில் வந்து, சந்தைப் பார்த்து, ஜனங்களிடம் ஒரு வார்த்தை விசாரித்து, கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் நிலவரம் எழுத வேண்டும்.

பாக்கியராஜ் குடியிருந்த முட்டுச் சந்தின் பெட்டி அவன் வீட்டுச் சுவரில் ஏறியது. முதல் வீட்டில் நாய் இருந்தது. இரண்டாம் வீட்டில் வக்கீல் குமாஸ்தா இருந்தார். மூன்றாம் வீட்டு நோரா, சர்ச் வாசலில் மெழுகுவத்தி விற்கிறவள், ஆணி அடிக்க வந்தவரிடம் "சுவத்துல விரிசல் விட்டா உங்கப்பனா வந்து பூசுவான்?" என்று கேட்டாள். பாக்கியராஜ் ஒன்றும் கேட்கவில்லை. எனவே மக்கள் ஒத்துழைப்பு உள்ள வீடு என்று அதைக் குறித்துக்கொண்டார்கள்.

ரோந்துக்கு வந்தவர் ஹெட் கான்ஸ்டபிள் கோவிந்தப்பா. முதல் நாள் நான்கு வேளையும் வந்தார். இரண்டாம் நாள் இரண்டு வேளை வந்து நான்கு கட்டத்தையும் நிரப்பினார். மூன்றாம் நாள் காலையில் வந்து, மேட்டில் ஏறின மூச்சு அடங்கும் வரை பாக்கியராஜ் வீட்டுப் படியில் உட்கார்ந்து, அவன் மனைவி ஜோசபின் கொடுத்த டீயைக் குடித்து, பேனாவை அவன் கையில் வைத்தார்.

"பாக்யா, உனக்கு எழுத வரும் இல்ல? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடப்பா, கொஞ்சம் அனுசரிச்சுக்கோ. நீயே ஒரு கையெழுத்துப் போட்டுடு. என் முழங்கால் பதினாலு பெட்டிக்குத் தாங்காது."

"நான் போலீசு இல்லியே கோவிந்தண்ணா."

"அதனால என்ன? வராதவன் போடற கையெழுத்து பெருசா, இங்கயே குடியிருக்கறவன் போடற கையெழுத்து பெருசா? நீயே சொல்லு."

பாக்கியராஜ் பேனாவின் மூடியைக் கழற்றிப் பார்த்தான். யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் பதில் கிடையாது.

இன்னொரு சங்கதியும் இருந்தது. தங்கவயல் சுரங்கத்தில் அப்பன் கூலியாக இருந்தபோது பள்ளிக்கூடம் இருந்தது, பாக்கியராஜ்தான் போகவில்லை. பெங்களூருக்கு வந்து மூட்டை சுமந்து, வண்டி மிதித்து, நாற்பத்து நான்காம் வயதில்தான் சர்ச் ஹாலில் கிரேஸ் டீச்சர் நடத்திய மாலை வகுப்பில் எழுத்துக் கற்றான். முதன்முதலாக அவன் சொந்தமாக எழுதியது, தன் வண்டியின் பின்பலகையில் நீலப் பெயிண்டால் இரண்டு வரி. மேல் வரி பாக்கியராஜ். கீழ் வரி ஜோசபின். வகுப்பு முடிந்தபிறகு இந்த ஊரில் யாரும் அவனை ஒரு வரி எழுதச் சொன்னதில்லை. இப்போது அரசாங்கமே நாளைக்கு நாலு தடவை எழுதச் சொல்கிறது. விடுவானா?

காலை ஆறுமணிக்கு சிவாஜிநகருக்குச் சுமை ஏற்றப் போய்விட்டால் திரும்ப இருட்டிவிடும். வேலையைப் பாக்கி வைக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. அதனால் காலையில் பல் துலக்கியதும் நான்கு கட்டத்திலும் முழுப்பெயரைக் கொக்கி கொம்பு பிசகாமல் எழுதி, நிலவரத்தில் 'எல்லாம் சரி' என்று நான்கு தடவை எழுதிவிட்டுப் போவான். ராத்திரி நிலவரம் காலை ஐந்தே முக்காலுக்கே தெரிந்துவிடும் சந்து பெங்களூரில் அது ஒன்றுதான்.

"சம்பளமில்லாத உத்தியோகத்துக்கு எவ்ளோ அழகா கையெழுத்து," என்றாள் ஜோசபின். "ரேஷன் கடையில மட்டும் பெருவிரல நீட்டற."

"அங்க இடம் சின்னதா இருக்குது ஜோசு."

கோவிந்தப்பா மாதம் ஒருமுறை வந்து, நிரம்பிய பக்கங்களைக் கிழித்துக்கொண்டு போவார். அவை ஸ்டேஷனில் கோப்பில் ஏறின. கோப்பின் மேல் ஒருவர் இனிஷியல் போட்டார். அதன் மேல் இன்னொருவர் இனிஷியல் போட்டார். தமிழில் எழுதியிருக்கிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டும்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. சர்ச்சில் நவநாள் கூட்டம். ஜோசபினுக்காகப் பாக்கியராஜ் அன்று மத்தியானத்தோடு வேலையை முடித்து, வண்டியைச் சாக்கடைக் கல்லின் இரும்பு வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு அவளோடு வரிசையில் போய் நின்றான். ஐந்து மணிக்குத் திரும்பி வந்தால் வளையம் இருக்கிறது. பூட்டும் அப்படியே இருக்கிறது. வெட்டுப்பட்ட சங்கிலியில் பாதி தரையில் கிடக்கிறது. வண்டி இல்லை.

ஜோசபின் அழவில்லை. சங்கிலியை எடுத்து அவன் கையில் கொடுத்து, "போ, உன் இலாகாவுக்குச் சொல்லு," என்றாள்.

ரைட்டர் முதலில் வண்டிக்கு ரசீது கேட்டார். பிறகு அவன் எழுதிக்கொண்டுபோன புகாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தமிழாச்சே. தமிழ்ல காணாமப் போனத நாங்க எந்த பாஷையில தேடறது?" என்று சொல்லி, தானே கன்னடத்தில் நாலு வரி எழுதி, "ஹெப்பெட்டு வை, பெருவிரல் ரேகை," என்று மை டப்பாவைத் திறந்தார்.

மை டப்பா வறண்டு, ஏரித்தரை போல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ரைட்டர் அதில் தண்ணீர் விட்டுப் பார்த்தார். எச்சிலும் விட்டுப் பார்த்தார். பெருவிரலில் ஒன்றும் ஒட்டவில்லை. புகாரும் ஒட்டவில்லை. விஷயம் இன்ஸ்பெக்டரிடம் போனது.

இன்ஸ்பெக்டர் ருத்ரமூர்த்தி இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் உள்ளவர். தமிழ் நன்றாக வரும். மேஜை மேல் முட்டுச் சந்தின் கோப்பையும், பெட்டியிலிருந்த அந்த மாதப் புத்தகத்தையும் தருவித்து, அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக அவற்றைத் திறந்து படிக்கச் சொல்லிக் கேட்டார். கோவிந்தப்பா படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"நோடு, இங்க பாரு பாக்யராஜ்," என்றார் இன்ஸ்பெக்டர். "இலாகாவுக்குக் கண்ணு கிடையாது. காது கிடையாது. இருக்கறது புத்தகம் ஒண்ணுதான். புத்தகம் என்ன சொல்லுது? வியாழக்கிழமை மதியம் எல்லாம் சரி. சாயங்காலம் எல்லாம் சரி. எல்லாம்னா உன் வண்டியும் அதுல சேர்த்திதானே?"

"சார், அது நான் காலையிலயே எழுதினது."

"நீயே எழுதினியா? பஹள ஒள்ளேது, ரொம்ப நல்லது. வேற எவனாவது எழுதியிருந்தா எனக்கு சந்தேகம் வரும். இங்க என்ன ஆச்சு? வண்டி போச்சுன்னு ஒரு பாக்யராஜ் வாயால சொல்றான். எல்லாம் சரின்னு ஒரு பாக்யராஜ் எழுத்துல கொடுத்திருக்கான். நான் எழுத்துல கொடுத்தவனத்தான் நம்புவேன். வாயால சொன்னவன் ஒருத்தனையும் நான் இதுவரைக்கும் நம்பினதில்ல. அதனாலதான் என் லிமிட்ல திருட்டே கிடையாது."

பாக்கியராஜ் சங்கிலியை மேஜை மேல் வைத்தான்.

"இதுல என்ன எழுதியிருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணும் எழுதல சார். வெட்டியிருக்கு."

"எழுதலன்னா எடுத்துட்டுப் போ."

அதோடு முடிந்திருந்தால் ஒரு வண்டிதான் நஷ்டம். ஆனால் இன்ஸ்பெக்டர் கடமை தவறாதவர். ராத்திரி யோசித்துப் பார்த்திருக்கிறார். வண்டி போனது பொய் என்றால் பாக்கியராஜ் பொய்ப்புகார் கொடுத்தவன். வண்டி போனது நிஜம் என்றால் ரோந்துக்காரர் கோட்டை விட்டிருக்கிறார். புத்தகப்படி ரோந்துக்காரர் பாக்கியராஜ். எப்படிப் பார்த்தாலும் அவனுக்கு ஒரு மெமோ கொடுத்தாக வேண்டும். ஆனால் இலாகாவில் இல்லாதவனுக்கு மெமோ கொடுக்க விதி இல்லை. அதனால் மறுநாள் அவனை வரவழைத்து, தலையில் ஒரு காக்கித் தொப்பியை வைத்து, 'போலீஸ் மித்ரன்' என்று நியமித்து, அந்தக் கையோடு மெமோவையும் கொடுத்தார்கள்.

தொப்பி பெரியதாக இருந்தது. காது வரைக்கும் இறங்கியது.

"சம்பளம் உண்டா சார்?" என்றான் பாக்கியராஜ்.

"மித்ரன்னா சிநேகிதன். சிநேகிதன் காசு கேப்பானா?"

"அந்த முந்நூத்தி எழுபத்தஞ்சு சார், நாக்காலி..."

"அது நீ சிநேகிதன் ஆகறதுக்கு முன்னாடி. அது மேல இருக்கு."

வண்டி இல்லாமல் பாக்கியராஜ் சிவாஜிநகரில் தலைச்சுமைக்குப் போனான். வண்டியில் பத்து மூட்டை போகிற இடத்துக்குத் தலையில் ஒவ்வொன்றாய்ப் போனது. பதினைந்து நாளில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பினான். சாயங்காலம் ஜோசபின் நல்லெண்ணெய் போட்டு நீவிவிட்டாள்.

அப்போதுதான் ஆறுதல் சொல்ல கோவிந்தப்பா வந்தார். பறிகொடுத்தவர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய் ஆறுதல் சொல்ல வேண்டும் என்பதும் திட்டத்தில் இருந்தது. ஆனால் புத்தகப்படி எதுவும் பறிபோகவில்லை. எனவே எதற்காக ஆறுதல் என்று சொல்லாமல் ஆறுதல் சொன்னார். ஆகறது ஆகும், போகறது போகும் என்றார். மீன்குழம்பு நன்றாக இருப்பதாகவும் சொன்னார். கை கழுவிவிட்டு ஒரு படிவத்தை எடுத்தார்.

"போலீஸ் சேவையில உங்களுக்குத் திருப்தியா, ரொம்பத் திருப்தியா? ஏதாவது ஒண்ணுல டிக் போடும்மா."

"மூணாவது கட்டம் இல்லியா அண்ணா?" என்றாள் ஜோசபின்.

"பிரஸ்ல ரெண்டுதான் அடிச்சாங்க."

"அப்போ திருப்தின்னே போட்டுக்குங்க. குழம்பு உங்களுக்குத் திருப்திதானே."

கோவிந்தப்பா தலையைக் குனிந்துகொண்டு 'ரொம்பத் திருப்தி'யில் டிக் போட்டார்.

இப்படி எல்லாச் சந்துகளிலும் டிக் விழுந்து, எல்லாப் பெட்டிகளின் கையெழுத்தும் கூட்டப்பட்டபோது, நகரத்திலேயே ஒரு கட்டம்கூட விடாமல் ரோந்து நடந்த இடம் பாக்கியராஜின் முட்டுச் சந்து என்று தெரியவந்தது. டி.சி.பி. சாகேப் ஆச்சரியப்பட்டுக் கேட்டார். மக்களே மக்களைக் காக்கும் முறையை நான்தான் சோதனையாகப் புகுத்தியிருக்கிறேன், அதற்கென்று ஒரு மித்ரனையும் நியமித்திருக்கிறேன் என்று இன்ஸ்பெக்டர் பதில் எழுதினார். சாகேப் தாமே வந்து அந்த மித்ரனுக்குப் பரிசுப் பத்திரம் வழங்குவதாகத் தேதி கொடுத்தார்.

கூட்டம் என்றால் நாற்காலி வேண்டும்.

"அஞ்சு நடை," என்றார் ரைட்டர். "நீதான் இப்ப மித்ரன் ஆச்சே. கூலி கிடையாது."

"வண்டி இல்லியே சார்."

"ஸ்டேஷனுக்குப் பின்னாடி வாரிசில்லாத வண்டி ஒண்ணு கெடக்கு. எடுத்துக்கோ. ஜாக்கிரதை, சர்க்கார் சொத்து. சாயங்காலம் கொண்டாந்து விட்டுடணும்."

பாக்கியராஜ் பின்பக்கம் போனான். துருப்பிடித்த ஸ்கூட்டர்களுக்கும் நசுங்கிய ஆட்டோவுக்கும் நடுவில் ஒரு மூன்று சக்கர வண்டி நின்றது. சீட்டில் ஜோசபினின் பழைய புடவைக் கரை சுற்றியிருந்தது. முன்சக்கரத்தில் பாதிச் சங்கிலி தொங்கியது. பின்பலகையில் நீலப் பெயிண்டில் இரண்டு வரி. மேல் வரி பாக்கியராஜ். கீழ் வரி ஜோசபின்.

அவன் பலகையைத் தடவிப் பார்த்தான். பிறகு போய் கோவிந்தப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினான்.

கோவிந்தப்பா பலகையைப் படித்தார். "அன்னிக்கு சாகேப் இந்தப் பக்கமா வர்றதா சொன்னாங்க, பாக்யா. சந்து பொந்துல வாரிசில்லாம நிக்கறதெல்லாம் தூக்குன்னு ஆர்டர். ஜீப்ல வந்தவனுங்க தூக்கிட்டானுங்க. சாகேப் கடைசியில வரல."

"பூட்டிருந்துச்சே அண்ணா. வாரிசில்லாத வண்டியை எவன் பூட்டுவான்?"

"அதான் வெட்டிட்டாங்க."

"இப்ப எடுத்துக்கலாம் இல்ல?"

"காணாமப் போன வண்டின்னா எடுத்துக்கலாம். இது காணாமப் போகலியே. புத்தகத்துல எல்லாம் சரின்னு இருக்கு. காணாமப் போகாதத எப்பிடிப்பா கண்டுபிடிச்சுக் குடுக்கறது? அடுத்த மாசம் ஏலம் விடுவாங்க. வந்து கேளு."

பாக்கியராஜ் தன் வண்டியில் ஏறி மிதித்தான். ஐந்து நடையும் அடித்தான். பெடல் காலுக்குப் பழகின பெடல். ஐந்தாம் நடை இறக்கும்போது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அதை நோராவிடம் மட்டும் சொன்னான். அவள் மெழுகுவத்திக் கூடையோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

சாகேப் வந்தார். இன்ஸ்பெக்டர் பேசினார். "போலீஸ்காரன் ஜனங்க வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஜனங்களே போலீஸாகிவிட்டால் நாங்கள் நிம்மதியாக ஸ்டேஷனில் இருந்து சேவை செய்யலாம்," என்றார். அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். கைதட்டல் வந்தது. தட்டியவர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டிருந்தார்கள், சீருடையில்.

மேடையில் ஒரு சின்ன மேஜை. அதன் மேல் கண்ணாடிச் சட்டம் போட்ட பரிசுப் பத்திரம். பக்கத்தில் அதைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவேடு. அதற்கும் பக்கத்தில், சாகேப் பார்வைக்கு, முட்டுச் சந்தின் ரோந்துப் பக்கங்கள். தொப்பி காதுவரை இறங்க பாக்கியராஜ் ஏறினான். போட்டோக்காரர் மண்டி போட்டார். இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டினார்.

"எனக்குக் கையெழுத்துப் போட வராதுங்க சார்," என்றான் பாக்கியராஜ், சாகேபைப் பார்த்துக் கும்பிட்டு. "மை டப்பா இருந்தா குடுங்க. ரேகை வெக்கறேன்."

சாகேப் ரோந்துப் பக்கங்களைப் பார்த்தார். ஒரே மாதிரியாக, கொக்கி கொம்பு பிசகாமல், நானூறு கையெழுத்துக்கு மேல். "அப்படியானால் இது யாருடையது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் மட்டும் போய்விட்டார். "ஒரு நிமிஷம் சார், கூச்சப்படறான்," என்று சொல்லி, பாக்கியராஜின் தோளில் கைபோட்டு மேடையோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"லோ, போடுடா கையெழுத்து."

"வண்டி சார்."

"என்ன வண்டி?"

"கீழ நிக்குதே. அதுல என் பேரு எழுதியிருக்கு. எழுத்துல இருக்கறதத்தான் நம்புவேன்னு நீங்க சொன்னீங்க."

இன்ஸ்பெக்டர் மூச்சை இழுத்து விட்டார். "எடுத்துட்டுப் போய்த் தொலை. இப்பவே. போடு."

"முந்நூத்தி எழுபத்தஞ்சு சார்."

இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பாவைப் பார்த்தார். கோவிந்தப்பா தன் சட்டைப்பையைப் பார்த்தார். அன்றுதான் சம்பளம். நோட்டுகள் எடுத்தார், முந்நூற்று எழுபது ஆனது. அதற்கு மேல் ஐந்நூறு ரூபாய்த் தாளாகத்தான் இருந்தது. பாக்கியராஜ் கையை மடக்கவில்லை. நீட்டியபடியே வைத்திருந்தான். முதல் வரிசையிலிருந்து நோரா எழுந்து வந்து, கூடையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து கோவிந்தப்பாவிடம் கொடுத்தாள். "வட்டி வேணாம். சுவத்துல ஆணி அடிக்காம இருந்தாப் போதும்," என்றாள்.

"அங்கே என்ன கொடுக்கிறீர்கள்?" என்றார் சாகேப்.

"பரிசுத்தொகை சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "எங்கள் ஊழியர்கள் சொந்தப் பணத்திலிருந்து."

சாகேப் மனம் நெகிழ்ந்து கைதட்டினார்.

பாக்கியராஜ் பணத்தை இரண்டு முறை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு, மேஜைக்கு வந்து, நிதானமாகத் தன் முழுப்பெயரை எழுதினான். கிரேஸ் டீச்சர் பார்த்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்.

"வராது என்றானே?"

"வராதுதான் சார். இப்போதுதான் சொல்லிக்கொடுத்தேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஐந்து நிமிஷத்திலா?" சாகேப் மைக்கைப் பிடித்தார். பள்ளிக்கூடங்கள் வருஷக்கணக்கில் செய்ய முடியாததை ஒரு போலீஸ் அதிகாரி ஐந்து நிமிஷத்தில் செய்துகாட்டியிருக்கிறார் என்றார். எழுத்தறிவும் இனி இந்தத் திட்டத்தில் சேரும், ஸ்டேஷனுக்கு நூறு பேர் என்று அங்கேயே அறிவித்தார். சீருடைகள் கைதட்டின. நானூறு கையெழுத்துகள் யாருடையவை என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பாக்கியராஜ் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, வண்டியில் ஏறி வீட்டுக்கு மிதித்தான். நாற்காலிகள் மைதானத்திலேயே இருந்தன. கொண்டுபோவது திட்டத்தில் இல்லை.

மூன்றாம் நாள் கோவிந்தப்பா மேடேறி வந்தார். அவர் கையில் மேலேயிருந்து ஒருவழியாக இறங்கிய வவுச்சர் இருந்தது.

"பாக்யா, இதுல பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடப்பா. நான் குடுத்த காச நான் இலாகாவுல வாங்கிக்கறேன். எம்பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்."

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாக்கியராஜ் திரும்பிப் பார்க்க முயன்றான். கழுத்து திரும்பவில்லை. உடம்போடு திரும்பி, சுவரிலிருந்த தகரப் பெட்டியைப் பார்த்தான். மூன்று நாளாகப் பன்னிரண்டு கட்டமும் காலியாக இருந்தன.

"எனக்கு எழுத வராதே கோவிந்தண்ணா. மை டப்பா கொண்டாங்க, ரேகை வெக்கறேன்."

கோவிந்தப்பா ஸ்டேஷனுக்குப் போனார். மை டப்பா அதே ஏரித்தரையாகத்தான் கிடந்தது. புதியது வாங்கக் கேட்டு ரைட்டர் மேலே எழுதினார். "செவ்வாக்கிழமை வாங்க," என்று கோவிந்தப்பாவிடம் சொன்னார். கோவிந்தப்பா எத்தனை செவ்வாய்க்கிழமை போனார் என்று பாக்கியராஜ் எண்ணவில்லை. மார்ச் மாதம் கணக்கு முடிக்கும்போது ரைட்டர் அந்த முந்நூற்று எழுபத்தைந்து ரூபாயைச் சிவப்பு மையால் அடித்து, 'பெறுபவர் கையெழுத்து இல்லை. தள்ளுபடி' என்று எழுதினார்.